எழுபது பேர் திறந்த கதவு

மெதுவாக நகரும் ரத்தக்காட்டேரி நாவல்களைப் பற்றி வாசகர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: பாதிப் புத்தகம் முடியப்போகிறது, பேயை இன்னும் காணோம். ஸ்டீபன் கிங்கின் 'சேலம்ஸ் லாட்' (1975) படிக்கத் தொடங்கியவர்களில் சிலர் நூறு பக்கத்தோடு மூடி வைத்துவிடுவதற்கும் இதுவே காரணம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பால்காரர் எப்போது எழுகிறார், யாருக்கு யாரோடு தொடர்பு, மேட்டு வீட்டை யார் விலைக்கு வாங்கினார் என்றே பக்கங்கள் போகின்றன. பேய்க்கதை வாங்கினால் ஊர்க்கதை கிடைக்கிறதே என்று எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் அந்த ஊர்க்கதை இல்லாமல் பின்னால் வரும் பேய் வேலை செய்யாது. காரணத்தைத் தேடி மெய்ன் வரை போக வேண்டியதில்லை. அம்பத்தூரிலோ ஆவடியிலோ அரக்கோணம் ரயிலில் ஏறினால் திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர் தாண்டி வரும் நிறுத்தம் திருவாலங்காடு. அதன் பக்கத்து ஊர் பழையனூர். தமிழின் மிகப் பழைய திகில் கதைகளில் ஒன்று அங்கேதான் நடக்கிறது.

முதலில் மேலைநாட்டு நாவல்களின் ஒரு விதியைப் பார்த்துவிடலாம். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலில் வான் ஹெல்சிங் என்ற பேராசிரியர் அந்த விதியைச் சொல்கிறார். வீட்டைச் சேர்ந்த யாராவது ஒருவர் அழைத்தாலொழிய ரத்தக்காட்டேரி முதல் தடவை உள்ளே வர முடியாது. அழைத்துவிட்டால் பிறகு இஷ்டப்படி வரலாம். சிலுவை, பூண்டு, கண்ணாடியில் விழாத பிம்பம் போன்றவை திரைப்படங்களால் பிரபலமாகிவிட்டன. நாவலாசிரியனுக்கு உண்மையில் பயன்படுவது இந்த அழைப்பு விதி ஒன்றுதான். கதவைத் திறப்பது யார், ஏன் திறக்கிறார் என்று சொல்ல நேரம் வேண்டும். மெதுவான நாவல் அந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

'டிராகுலா'வின் நடுப்பகுதியில் லூசி என்ற இளம்பெண் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போகிறாள். கதையின் நாயகனான டிராகுலா பிரபு அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. மருத்துவர்கள் அவளுக்கு நான்கு ஆண்களின் ரத்தத்தை ஒருவர் பின் ஒருவராக ஏற்றுகிறார்கள். (ரத்த வகைகளை கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல்தான் வெளியிட்டார். இன்றைய வாசகருக்கு அந்தக் காட்சியில் ஸ்டோக்கர் நினைத்துப் பார்க்காத வேறொரு திகிலும் சேர்ந்துகொள்கிறது.) அறை முழுக்கப் பூண்டுப் பூ வைத்து, சன்னலை அடைத்துவிட்டு வான் ஹெல்சிங் போகிறார். லூசியின் தாய்க்கு இதய நோய். அதிர்ச்சி தாங்கமாட்டார் என்று அவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அவர் இரவில் மகளைப் பார்க்க வருகிறார். அறை புழுக்கமாக இருக்கிறதே, பூவாடை பிள்ளைக்கு ஆகாதே என்று பூவையெல்லாம் எடுத்துப் போட்டுச் சன்னலைத் திறந்து வைக்கிறார். மறுநாள் காலையில் பெருமையோடு அதைச் சொல்லவும் செய்கிறார். நாவல் முழுவதிலும் என்னைக் கலங்கடித்த இடம் இதுதான். டிராகுலாவின் டிரான்சில்வேனியக் கோட்டை இதற்குப் பக்கத்தில் வர முடியாது. மருத்துவர்கள் மறைத்ததும் அன்பு, தாய் திறந்ததும் அன்பு. இரண்டும் சேர்ந்து பெண்ணைக் கொன்றுவிட்டன.

'சேலம்ஸ் லாட்'டிலும் இதே ஏற்பாடு. மேட் பர்க் என்ற வயதான பள்ளி ஆசிரியர், தன் பழைய மாணவன் சோர்ந்து வெளிறிப்போய் மதுக்கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். தனியாக விட மனமில்லாமல் வீட்டுக்கு அழைத்துப் போய்ப் படுக்க இடம் தருகிறார். நடுராத்திரியில் மாடி அறையில் அந்த இளைஞன் சன்னலுக்கு வெளியே இருக்கும் எதையோ உள்ளே வரச் சொல்வது அவர் காதில் விழுகிறது. இருவருக்கும் முன்னோடியான ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' (1872) இன்னும் வெளிப்படை. வண்டி கவிழ்ந்து மயங்கிக் கிடக்கும் ஓர் அழகிய பெண்ணுக்கு, மகளுக்கும் துணையாக இருக்குமே என்று இரக்கப்பட்டு ஒரு தந்தை தன் வீட்டில் அடைக்கலம் தருகிறார். மகளின் ரத்தம் குறையத் தொடங்குகிறது.

இனி பழையனூர். இது கதைக்காகக் கற்பித்த ஊர் அல்ல. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் ராஜேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையாக அளித்ததைச் சொல்கின்றன. இன்று ஆவடி, பூந்தமல்லி வட்டங்கள் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்துக்குள்தான் இந்த ஊரும் வருகிறது.

பழையனூரின் திகில் கதை நீலி என்ற பேயின் கதை. அதற்குப் பல வடிவங்கள் உண்டு. பெயர்களும் சாதிகளும் மாறும், எலும்புக்கூடு மாறாது. ஒருவன் தன்னை நம்பி வந்த பெண்ணை ஆலங்காட்டில் கொல்கிறான். தேடி வந்த அண்ணன் தங்கையின் பிணத்தைக் கண்டு உயிரை விடுகிறான். தென்மாவட்ட வில்லுப்பாட்டில், சாகும்போது அவள் பக்கத்தில் நின்ற கள்ளிச் செடியைச் சாட்சியாக வைத்துவிட்டுச் சாகிறாள். அண்ணனும் தங்கையும் அடுத்த பிறவியில் இரட்டைக் குழந்தைகளாகப் பிறக்கிறார்கள். அதில் பெண்தான் நீலி. பகலில் தொட்டிலில் கிடக்கும் அந்தப் பச்சைக் குழந்தைகள் ராத்திரியில் எழுந்து போய் ஊர் மாடுகளை அடித்துத் தின்றுவிட்டு விடிவதற்குள் தொட்டிலுக்குத் திரும்பிவிடுகின்றன. மாடுகள் குறைவதை முதலில் ஊர் கவனிக்கிறது, காரணம் வெகு நாள் கழித்தே தெரிகிறது. மெதுவாகக் கட்டும் திகில் நாவலின் முதல் பாகத்துக்கு வேண்டிய எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது.

கொன்றவனும் மறுபடி பிறந்து காஞ்சிபுரத்தில் வணிகனாக வாழ்கிறான். ஒரு பெண்ணால் அவனுக்குக் கண்டம் என்று சோதிடம் சொல்கிறது. காப்புக்கு மந்திரித்த கத்தி ஒன்று அவன் இடுப்பில் எப்போதும் இருக்கும். அது இருக்கும்வரை நீலி அவனை நெருங்க முடியாது. வணிகத்துக்காக அவன் பழையனூர்ப் பக்கம் வரும்போது, அவள் ஒரு கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்தொடர்கிறாள். அவன் ஓடுகிறான். ஓடிப்போய் ஊர் மன்றத்தில் விழுகிறான். அங்கே எழுபது வேளாளர்கள் கூடியிருக்கிறார்கள்.

இதுவரை துரத்தலாக இருந்த கதை இந்த இடத்தில் விசாரணையாக மாறிவிடுகிறது. அவள் முறையிடுகிறாள்: இவர் என் கணவர், கைக்குழந்தையோடு என்னை விட்டுவிட்டுப் போகிறார். அவன் அலறுகிறான்: இவள் பேய், என்னைக் கொல்ல வந்திருக்கிறாள். மன்றத்தார் அவசரக்காரர்கள் அல்லர். இரு தரப்பையும் கேட்கிறார்கள். சாட்சி வேண்டும் என்கிறார்கள். குழந்தையை இறக்கிவிட, அது நேராக வணிகனிடம் போய் அப்பா என்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? இன்றிரவு ஒரே அறையில் தங்குங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், காலையில் பார்ப்போம் என்று தீர்ப்பாகிறது. கணவன் மனைவி படுக்கும் அறையில் கத்தி எதற்கு? அதை வெளியே வைத்துவிட்டுப் போ. உன் உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் தீயில் இறங்குகிறோம் என்று வாக்கும் கொடுக்கிறார்கள்.

விடியும்போது அவன் குடல் கிழிந்து கிடக்கிறான். எழுபது பேரும் சொன்னபடி தீயில் இறங்குகிறார்கள். அந்தத் தீப்பாய்ந்த மண்டபத்தைப் பழையனூர் இன்றும் காட்டுகிறது. சாட்சியாக நின்ற இறைவனுக்குச் சாட்சி பூதேஸ்வரர் என்று கோயிலும் இருக்கிறது.

அந்த மன்றம் எந்த இடத்தில் தவறியது என்று தேடிப் பாருங்கள். கைவிடப்பட்ட பெண்ணின் முறையீட்டைக் கேட்டார்கள், குழந்தையின் நலனைப் பார்த்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவனைப் பேச விட்டார்கள், தீர்ப்புக்குத் தங்கள் உயிரையே பிணை வைத்தார்கள். இன்றைக்கும் குடும்பத் தகராறு எந்த மேசைக்குப் போனாலும் முதலில் வரும் யோசனை, சேர்ந்து இருந்து பாருங்கள் என்பதே. லூசியின் தாய் பூண்டுப் பூவை எடுத்துப் போட்டதும் இவர்கள் கத்தியை வாங்கி வைத்ததும் ஒரே செயல். ஸ்டோக்கரிடம் அதைத் தனி ஒரு தாயின் அறியாமை செய்கிறது. பழையனூரில் ஓர் ஊரின் நீதியே செய்கிறது. பின்னதுதான் பெரிய திகில். அறியாமையால் கதவைத் திறந்தவருக்கு அறிவு வந்தால் போதும். நியாயத்தின் பேரில் திறந்தவருக்கு என்ன சொல்லித் தருவது?

நீலிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கதை இன்னும் கனமாகிறது. அவள் கொலையுண்டவள். அவளுடைய வழக்கை எந்த மன்றமும் விசாரிக்கவில்லை. கொலைக்குச் சாட்சியாக நின்ற கள்ளியே அடுத்த பிறவியில் பொய்வழக்குக்குச் சான்றாக வருவது, தேர்ந்த நாவலாசிரியன் நெடுநேரம் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. அதை நம் நாட்டுப்புறப் பாடகர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். டிராகுலாவுக்கு ஸ்டோக்கரின் நாவலில் இப்படி ஒரு குறையும் கிடையாது, பசி மட்டுமே உண்டு. ரத்தக்காட்டேரி தன் தரப்பைத் தானே பேசத் தொடங்கியது ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' (1976) நாவலோடு என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. தமிழில் அது சுமார் 10ஆம் நூற்றாண்டிலேயே நடந்துவிட்டது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்திக் கலைக்கப் பழையனூர் நீலியைக் காளி அனுப்புகிறாள். முனிவர் அஞ்சவில்லை. அவள் அவரிடம் அறம் கேட்டுச் சமணத்தைத் தழுவி, குண்டலகேசி முதலானோரை வாதில் வெல்லும் தத்துவவாதியாகிறாள். பேயைத் தர்க்கம் பேச வைத்த காப்பியம் வேறு எந்த மொழியில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

கதையின் வயதைப் பற்றியும் ஒரு சொல். ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் திருவாலங்காட்டைப் பாடிய பதிகத்தின் தொடக்கத்திலேயே வஞ்சனையால் உயிர்கொண்ட ஒருத்தியின் செய்தியைக் குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறார். விளக்கவில்லை. கேட்பவர்களுக்குக் கதை முன்பே தெரியும் என்றுதான் கொள்ள வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் தொண்டை நாட்டின் பெருமையைச் சொல்லும்போது, வணிகனுக்குக் கொடுத்த சொல்லைக் காத்த பழையனூராரைப் புகழ்கிறார். அவருக்கு இது வாய்மையின் கதை, நீலி அதில் ஒரு சோதனை மட்டுமே. 'நீலிக் கண்ணீர்' என்று இன்றும் நாம் சொல்வதும் மன்றத்தாரின் பக்கம் நின்றுதான். கன்னியாகுமரி, நெல்லை மாவட்டங்களின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாகக் கேட்டால் தராசு மறுபக்கம் சாய்கிறது. அங்கே அவள் இசக்கி, கையில் பிள்ளையோடு நிற்கும் தெய்வம். இந்தப் பாட்டுகளை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கதை மெல்ல மெல்லச் சூடேறி நள்ளிரவையொட்டி உச்சத்துக்குப் போவதையும் அப்போது சாமியாட்டம் வருவதையும் எழுதியிருக்கிறார். மெதுவாகக் கட்டும் திகிலுக்கு வில்லடிப் பாடகர்கள் எந்த நாவலையும் பார்த்துப் பாடம் படிக்கவில்லை.

ரத்தம் குடிக்கும் பேய் தமிழுக்குப் புதிதே அல்ல. கலிங்கத்துப்பரணியில் காளியின் பேய்கள் போர்க்களத்துப் பிணத்தையும் ரத்தத்தையும் கொண்டு கூழ் சமைத்துப் பந்தி பரிமாறுகின்றன. குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று வகை வகையாக உட்கார்ந்து சாப்பிடுகின்றன. படிக்கும்போது பயம் வராது, சிரிப்பு வரும். திருவாலங்காட்டிலேயே காரைக்கால் அம்மையார் தன்னைப் பேய் என்று சொல்லிக்கொண்டு, சுடுகாட்டுப் பேய்களின் நடுவே இறைவனின் ஆட்டத்தைப் பார்த்துப் பாடினார். அங்கே பேய் பக்தை. சுடுகாட்டிலும் போர்க்களத்திலும், அதாவது தன் இடத்தில், இருக்கும் பேயைத் தமிழ் இலக்கியம் ஒருபோதும் பெரிதாக அஞ்சியதில்லை. அது வீட்டுக்குள் வரும்போதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலை நவீனத் தமிழில் எழுதிக் காட்டியவர் புதுமைப்பித்தன். 1943இல் வந்த தொகுப்புக்குப் பெயர் தந்த 'காஞ்சனை' என்ற சிறுகதை, நானறிந்த வரையில் தமிழின் மிகச் சிறந்த ரத்தக்காட்டேரிக் கதை. அதை யாரும் அப்படி அழைப்பதில்லை. வாசலில் பிச்சைக்காரி ஒருத்தி வந்து நிற்கிறாள். எழுத்தாளனின் மனைவி இரக்கப்பட்டு அவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கணவனுக்கு விருப்பமில்லை, ஆனால் மறுக்கக் காரணமும் இல்லை. ராத்திரியில் பிணம் எரியும் நாற்றம் வருகிறது. மனைவியின் குரல்வளைக்கு அருகில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ரத்தத் துளி. அவ்வளவுதான் ரத்தம். லெ ஃபானுவின் வண்டி விபத்துக்கு இங்கே வேலையில்லை, வேலைக்காரி தேவைப்படும் ஒரு நடுத்தர வீடே போதும். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவருக்கு மேலைத் திகில் இலக்கியத்தின் சூட்சுமங்கள் நன்றாகவே தெரிந்திருந்தன. சாவதற்கு முன் அவருக்குப் பெரிய நாவல் எழுதி முடிக்க அவகாசம் கிடைக்கவில்லை. 1948இல் இறந்தபோது வயது 42.

பிறகு தமிழில் பேய்க்கதை நிறையவே வந்தது. பி.டி. சாமியின் புத்தகங்களும், எண்பதுகளில் ரயில் நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களும், இந்திரா சௌந்தர்ராஜனின் தொடர்களும் லட்சக்கணக்கானோரை ராத்திரி விளக்கை அணைக்க விடாமல் செய்தன. அவற்றைத் தாழ்வாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவை அச்சான வடிவங்களில் ஒரு கட்டாயம் இருந்தது. வாரத் தொடரில் அத்தியாயத்துக்கு ஒரு திடுக்கிடல் வேண்டும், மாத நாவல் சில மணி நேரத்தில் முடிய வேண்டும். ஆவடியில் ஏறி சென்ட்ரலில் இறங்குவதற்குள் கொலையும் துப்பும் முடிந்தாக வேண்டும் என்ற பயணிக்கு, நூறு பக்கம் ஊர்க்கதை சொல்லும் நாவலை எந்தப் பதிப்பாளர் விற்பார்? இலக்கியப் பக்கத்திலோ பேயை எடுத்தவர்கள் பெரும்பாலும் சிறுகதையோடு நின்றார்கள். ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' நல்ல உதாரணம். இரண்டு பக்கமும் விட்டுப்போன இடம்தான் மெதுவான பெரிய நாவல்.

அந்த இடத்தை 2025இல் மலையாளத் திரைப்படம் ஒன்று தொட்டுவிட்டுப் போனது. டொமினிக் அருண் இயக்கிய 'லோகா' படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற பாத்திரம், நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டின் நீலி. கொட்டாரத்தில் சங்குண்ணியின் 'ஐதிஹ்யமாலை'யில் வரும் அந்த யட்சியை, இன்றைய பெங்களூருவில் ரத்தம் குடித்து வாழும் சாகசநாயகியாக்கினார்கள். படம் நன்றாக ஓடியது. நானும் ரசித்தேன். ஆனால் சாகசநாயகிக்கு யாரும் கதவைத் திறக்க வேண்டியதில்லை, அவளே உடைத்துக்கொண்டு வந்துவிடுவாள். எழுபது பேரும் மன்றமும் இல்லாத நீலியிடம் பலம் இருக்கிறது, திகில் இல்லை.

மெதுவான ரத்தக்காட்டேரி நாவல் ஒன்றைக் கையில் எடுத்து, ஒன்றும் நடக்கவில்லையே என்று சலிப்பவர்களுக்கு ஒரு யோசனை. பேய் எப்போது வரும் என்று பக்கம் புரட்டாதீர்கள். இந்த ஊரில் நல்லவர் யார், அவர் யாருக்காக இரங்குவார் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். பேய் அவர் வழியாகத்தான் வரும். பழகிப் பார்க்க 'காஞ்சனை' போதும். புதுமைப்பித்தன் படைப்புகள் நாட்டுடைமையானவை, எளிதில் கிடைக்கும், ஒரே மூச்சில் படித்துவிடலாம். நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழையனூர் மன்றத்தின் அந்த ஒரே நாளை, காலையில் அவன் ஓடி வந்து விழுவதிலிருந்து மறுநாள் தீ மூட்டும் வரை, எழுபது பேரில் ஒருவரின் பார்வையில் யாராவது எழுதுங்கள். ஐந்நூறு பக்கம் ஆனாலும் பரவாயில்லை.